தெய்வநாயகத்தின் காரும் சவுக்காரப்பட்டியின் கைகளும்

சவுக்காரப்பட்டியில் யாரும் யாருக்கும் வணக்கம் சொல்வதில்லை. ஒரு வீட்டுக்குள்ளோ கடைக்குள்ளோ காலெடுத்து வைக்கிறவர் வாசலில் நின்று இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்ட வேண்டும், உள்ளே இருக்கிறவர் பார்த்துத் தலையாட்ட வேண்டும், அதற்குப் பிறகுதான் உட்காரச் சொல்வதும் தண்ணீர் கொடுப்பதும். துணிச் சவுக்காரம், அதாவது சலவை சோப்பு, காய்ச்சிப் பிழைக்கிற ஊர் என்பதால் உலகத்திலேயே சுத்தமான கை தங்கள் கைதான் என்று அவர்களுக்கு ஒரு மிதப்பு. பெண் பார்க்க வந்தாலும் கை, எழவுக்கு வந்தாலும் கை, ஓட்டுக் கேட்டு வந்தாலும் கை. இந்த மிதப்பைப் போட்டு உடைத்தது பூகம்பமும் இல்லை, புயலும் இல்லை, ஒரு காரின் ஓரத்தில் ஒட்டியிருந்த அலுமினியப் பட்டை.

கார் சவுக்கார ஆலை முதலாளி தெய்வநாயகத்தினுடையது. பழைய காலத்து வண்டி, பால் வெள்ளை, ஆனால் பீடிங் என்று பட்டறைக்காரர்கள் சொல்லும் அந்தப் பட்டைகள் முன்னாலும் பின்னாலும் இரண்டு பக்கமும் கன்னங்கரேல் என்று கறுத்துப்போய், பார்ப்பதற்குக் கருமாதிப் பத்திரிகை ஓடுவது போல இருக்கும். தெய்வநாயகத்துக்கு அறுபதாம் கல்யாணம் வந்தது. மாலையும் கழுத்துமாக அந்தக் காரில்தான் ஊர்வலம் போவேன் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார். மதுரைக்கு அனுப்பிப் பார்த்தார்கள், நாகர்கோவிலுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். தேய்த்தவர்களெல்லாம் இந்தக் கறுப்பு இறங்காது அண்ணாச்சி, கழற்றிப் போட்டுவிட்டு வேறு மாட்டுங்கள் என்றுதான் திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் அவர் டிரைவர் மாசானத்திடம், "வண்டியை உலகம்மா கொட்டகைக்கு விடு" என்றார். மாசானத்தின் முகம் சுருங்கியது, ஆனால் விட்டான்.

உலகம்மாள் யார் என்று சொல்ல வேண்டும். பைபாஸ் ஓரத்தில் தகரக் கொட்டகை போட்டு வண்டி கழுவி பாலிஷ் போடுகிறவள். அவள் புருஷன் பூதத்தான் ஒரு காலத்தில் ஆலையில் காரத்தண்ணீர்த் தொட்டியில் வேலை பார்த்தான். சவுக்காரம் காய்ச்சக் கரைக்கும் அந்தத் தண்ணீர் தோலைத் தின்னும், நகத்தைத் தின்னும், எலும்பைக்கூட விடாது. வேலைக்காரர்களுக்கு ரப்பர் கையுறை வேண்டும் என்று பூதத்தான் கேட்டான். அவ்வளவுதான் அவன் கேட்டது. தெய்வநாயகம் கொடுக்க மாட்டேன் என்றார், பூதத்தான் எல்லோரையும் வேலையை நிறுத்தச் சொன்னான், அப்படியானால் ஆலையைத் தூத்துக்குடிக்குக் கொண்டுபோய்விடுவேன் என்று தெய்வநாயகம் ஒரு பேச்சு விட்டார், அந்தப் பேச்சு தெருத்தெருவாகப் போய்வந்த மறுநாள் பூதத்தானைக் காணவில்லை. தாய்வீட்டுக் கோயில் கொடைக்குப் போய்த் திரும்பிய உலகம்மாளிடம், உன் புருஷன் எவளையோ இழுத்துக்கொண்டு பம்பாய்க்கு ரயில் ஏறிவிட்டான் என்று ஊர் ஒரே குரலில் சொன்னது. ஒரே குரலில் சொன்னதால்தான் அவள் நம்பவில்லை.

அன்றிலிருந்து அவள் தாலியைக் கழற்றவும் இல்லை, பூ வைத்துக்கொள்ளவும் இல்லை. பாதி சுமங்கலி என்று கிண்டல் பண்ணினார்கள், பண்ணட்டும் என்று விட்டுவிட்டாள். அவன் செத்திருந்தால் எங்கே கிடக்கிறான் என்று தெரிய வேண்டும், ஒரு பிடி மண் போட வேண்டும், அதற்குப் பிறகு வாய்விட்டு அழ வேண்டும். அவளுக்கு வேண்டியிருந்தது இது ஒன்றுதான், இந்த ஒன்றைத்தான் அந்த ஊர் அவளுக்குத் தரவில்லை.

கார் வந்து நின்றதும் பின்சீட்டிலிருந்து தெய்வநாயகம் இறங்கினார். வழியில் இருந்த வாளியைக் காலால் எத்தினார்.

"என்னட்டி, துடைச்சிருவியா? ஒரு காலத்துல உம் புருசன் இதுக்கு முன்னால கையை விரிச்சு மறிச்சுகிட்டு நின்னான். நீ குனிஞ்சு துடைச்சாத்தான் பொருத்தமா இருக்கும்."

"துடைக்கேன் மொதலாளி. அவரு எங்கன்னு சொல்லுவியளா?"

"இந்தப் பட்டையில என் மொகம் தெரியட்டும். அன்னைக்குச் சொல்லுதேன்" என்று சிரித்தார். மாசானம் சிரிக்கவில்லை.

அவர்கள் போன பிறகு உலகம்மாள் பட்டையை விரலால் தடவிப் பார்த்தாள். வெயிலில் மங்கின அலுமினியம் வேறு, உப்புக்காற்றில் பூத்த அலுமினியம் வேறு. இது காரத்தண்ணீர் பட்டுக் கறுத்தது. வண்டியைப் போய் எவனாவது காரத்தண்ணீர் ஊற்றிக் கழுவுவானா, அப்படிக் கழுவினால் எந்தக் கறையைப் போக்கக் கழுவியிருப்பான் என்று நினைத்ததும் அவள் அப்படியே காரின் நிழலில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்தாள்.

முரட்டுத் தாளில் தொடங்கி நைஸ் தாள் வரைக்கும், குறுக்கே இழுக்காமல் பட்டையின் நீளத்துக்கு ஒரே போக்காக முன்பட்டையைத் தேய்த்துவிட்டு, பாலிஷ் களிம்பைத் தடவி, பனியன் வேஸ்ட் துணியை எடுத்துத் துடைத்தாள். அலுமினியம் துடைத்தவர்களுக்குத் தெரியும், எவ்வளவு துடைத்தாலும் துணியில் மை மாதிரி கறுப்பு வந்துகொண்டே இருக்கும். இங்கே பட்டையில் கறுப்பு இறங்கியது, உள்ளேயிருந்து வெள்ளி வெள்ளியாக வெளிச்சம் வந்தது, ஆனால் துணி துவைத்துக் காயப்போட்டது போல வெள்ளையாகவே இருந்தது. சரி, கறுப்பு எங்கேயோ போகிறது என்று நினைத்துக்கொண்டு அவள் வேலையைப் பார்த்தாள்.

அது சரியாகத்தான் போய்ச் சேர்ந்தது. அதே நேரத்தில் பஜாரில் டீ ஆற்றிக்கொண்டிருந்த சுடலையாண்டியின் இரண்டு உள்ளங்கைகளும் மணிக்கட்டு வரை கறுத்தன, ஆலைக் கேட்டில் வாட்ச்மேன் கை கறுத்தது, ஆலை வேனின் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த மாசானத்தின் கை கறுத்தது, புரோகிதரிடம் முகூர்த்த நேரம் பேசிக்கொண்டிருந்த தெய்வநாயகம் வெற்றிலையை நீட்டியபோது வெற்றிலை மட்டும் பச்சையாக இருந்தது. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தார்கள், எலுமிச்சை போட்டுத் தேய்த்தார்கள், தங்கள் சவுக்காரத்தையே கட்டி கட்டியாகக் கரைத்தார்கள். கறுத்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டபோது ஒன்று மட்டும் பேசாமலே புரிந்தது: பூதத்தானை அடித்தவர்கள் எல்லோரும் இருந்தார்கள், அடிக்காதவர் ஒருவரும் இல்லை.

மறுநாள் அவள் இடது பக்கப் பட்டையைத் துடைத்தாள். அன்றைக்குத்தான் ஊர் ஆடிப்போனது. காணாமல் போன அன்று, அடிபட்டுத் தப்பிய பூதத்தான் ரத்தம் ஒழுக மேலத்தெருவில் ஓடி, வீடு வீடாகக் கதவைத் தட்டியிருந்தான். தட்டிய சத்தம் கேட்டு உள்ளிருந்து தாழ்ப்பாள் போட்ட கைகள் அத்தனையும், ஆண் பெண் பேதமில்லாமல், விசேஷ வீட்டுப் பந்தியில் சோறு பிசைந்துகொண்டிருந்த கைகள் உட்படக் கறுத்தன. அடுத்த நாள் வலது பக்கப் பட்டை. பம்பாய் ரயிலில் ஏறினதை என் கண்ணால் பார்த்தேன் என்று போலீசுக்கு ஸ்டேஷன் பக்கமாகக் கைநீட்டிக் காட்டியவர்களுக்கு அந்த ஒரு விரல் மட்டும் கறுத்தது. இதில் அவர்களுக்கு ஒரு பெருமை, நம்முடையது ஒரு விரல்தானே என்று.

கைகாட்டாமல் ஒரு வீட்டுக்குள் நுழைய முடியாத ஊரில் கை கறுத்தால் என்ன செய்வது? இரண்டு மூன்று நாள் யாரும் யார் வீட்டுக்கும் போகவில்லை. குருக்கள் திருநீற்றைக் கரண்டியால் கொடுத்தார். நிச்சயமான கல்யாணங்கள் அந்தரத்தில் நின்றன. அப்போது தெய்வநாயகம் வேனில் பெட்டி பெட்டியாக ரப்பர் கையுறை இறக்கி வீட்டுக்கு வீடு இனாமாகக் கொடுத்தார். பூதத்தான் உயிரைக் கொடுத்துக் கேட்டும் கிடைக்காத அதே கையுறை, அதே சிவப்பு நிறம். கொட்டகை வாசலில் போய்க்கொண்டிருந்த வேனைப் பார்த்து உலகம்மாள் சிரித்த சிரிப்பில், பஸ்ஸுக்கு நின்றவர்கள் அடுத்த நிறுத்தம் வரை நடந்துபோய் ஏறினார்கள்.

ஆனால் வெயில் ஊர். கையுறைக்குள் வேர்த்து நாறியது. ஒருவன் கழற்றினான், இன்னொருவன் கழற்றினான், கழற்றிப் பார்த்தால் கறுக்காத கைதான் ஊரில் குறைவு. எல்லோருக்கும் இருக்கிற ஒன்று எப்படி அசிங்கமாகும்? கொஞ்ச நாளில் வாசலில் நின்று கறுத்த உள்ளங்கையை விரித்துக் காட்டினால் உள்ளே இருப்பவர் முகம் மலர்ந்து, வாங்க வாங்க நம்ம ஆளு என்றார்கள். மணிக்கட்டு வரை கறுத்தவர்களுக்குக் கோயிலில் முதல் மரியாதை, தாழ்ப்பாள் கைகளுக்கு அடுத்த வரிசை, ஒற்றை விரல்காரர்கள் அதற்கும் பின்னால். போன வருஷம்தான் மாற்றலாகி வந்த போஸ்ட்மாஸ்டர் அருள்தாசன், பாவம், வெள்ளைக் கையோடு டீக்கடைக்குள் வந்து இரண்டையும் விரித்துக் காட்டினார். சுடலையாண்டி கொதிக்கிற பாய்லர் தண்ணீரை அவர் கையில் ஊற்றினான்.

"ஏல, எங்களையெல்லாம் குத்திக்காட்டவா கையைக் காட்டுத?" என்று நாலு பேர் அவரை வாசலில் போட்டு மிதித்தார்கள். கட்டுப் பிரித்த அன்றைக்கு அவர் ஷூ பாலிஷ் வாங்கித் தினமும் கையில் பூசிக்கொள்ளத் தொடங்கினார். அதற்குப் பிறகு அவரோடு யாருக்கும் ஒரு சண்டையும் இல்லை.

இத்தனைக்கும் உலகம்மாள் பின்பட்டையைத் தொடவில்லை. தொட அவளுக்குக் கை வரவில்லை. அடித்தவர்கள் யார் என்று தெரிந்துவிட்டது, கதவைச் சாத்தியவர்கள் யார் என்று தெரிந்துவிட்டது, பொய் சொன்னவர்களும் தெரிந்துவிட்டார்கள். இனி மிச்சமிருப்பது எங்கே என்பது மட்டும்தான். இத்தனை வருஷம் தெரியாமல் தவித்தவளுக்கு இப்போது தெரிந்துகொள்ளப் பயமாக இருந்தது.

அறுபதாம் கல்யாணத்துக்கு முந்தின காலை மாசானம் வண்டியை எடுக்க வந்தான். அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டான்.

"மதினி, மூணு பக்கம் போதும். பின்னால அப்படியே கெடக்கட்டும். மொதலாளி அதைத் தொடக் கூடாதுன்னு சொல்லுதாவ."

"ஏன்?"

"கேக்காதிய மதினி. நான் பிள்ளகுட்டிக்காரன்."

"எனக்கு ஒரு பிள்ளயக் குடுக்கதுக்குள்ளயே அவரைக் கொன்னுட்டியளே மாசானம்" என்றாள். அவன் எழுந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஆலைக்கு ஓடினான்.

வண்டி வரவில்லை என்றதும் தெய்வநாயகம் கூட்டத்தைக் கூட்டிவிட்டார். சம்பந்தி வீட்டாரெல்லாம் வெளியூர், அவர்கள் முன்னால் இந்தக் கையோடு எப்படித் தாலி கட்டுவது என்பது அவர் கவலை. ஊரும் யோசித்துப் பார்த்தது. ஊருக்குள் எவ்வளவுதான் பெருமையாக இருந்தாலும் டவுன் பஸ்ஸில் ஏறினால் பக்கத்தில் உட்கார்ந்தவர் எழுந்து போகிறார் அல்லவா? சவுக்காரப்பட்டிக்காரர்களுக்கு எல்லாவற்றுக்கும் தெரிந்த மருந்து ஒன்றுதான். பட்டை கறுத்தது காரத்தண்ணீரால், ஆகவே திரும்பவும் காரத்தண்ணீர் ஊற்றினால் கறுப்பு கையிலிருந்து பட்டைக்கே போய்விடும் என்று யாரோ சொல்ல, ஆமாம் ஆமாம் என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அவசரக்காரர்கள் சிலர் பட்டைவரை காத்திருக்காமல் ஆலைத் தொட்டியிலேயே கையை முக்கினார்கள். தோல் வெந்து கையுறை மாதிரி உரிந்து தொட்டியில் மிதந்தது. அடியிலிருந்த சதையும் கறுப்பாகவே இருந்தது. அலறல் பைபாஸ் வரை கேட்டது.

டிராக்டரில் டிரம் டிரம்மாகக் காரத்தண்ணீரோடு கூட்டம் கொட்டகைக்கு வந்தது. உலகம்மாளை இழுத்துத் தூணில் சாத்திவிட்டு மூன்று பட்டைகளிலும் ஊற்றினார்கள். பட்டை சீறியது, புகைந்தது, துடைத்த வெள்ளியெல்லாம் மறுபடி கன்னங்கரேல் என்று கறுத்தது. கூட்டம் கையை விரித்துப் பார்த்தது. மணிக்கட்டு வரை இருந்த கறுப்பு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே முழங்கைக்கு ஏறியது.

தெய்வநாயகத்துக்கு வெறி பிடித்துவிட்டது. ஜாக்கி லீவரை எடுத்துக்கொண்டு அவளிடம் போனார்.

"எல்லாம் இவ கை பண்ணுத வேலை!" என்று கத்தி, அவள் இடது கையைப் பானெட்டில் வைத்து அழுத்தச் சொல்லி, விரல்களின் மேல் இறக்கினார். காய்ந்த சுள்ளி ஒடிவது போலச் சத்தம் கேட்டது. கூட்டத்தில் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், ஆனால் ஒருத்தியும் போய்விடவில்லை.

"மத்த கையையும் வை" என்றார்.

அழுத்திப் பிடித்திருந்தவன் மாசானம். அவன் என்ன நினைத்தானோ, பிடியை விட்டுவிட்டான். உலகம்மாள் வலியில் கத்திக்கொண்டே காரின் பின்னால் ஓடி மண்டி போட்டாள். இடுப்பில் சொருகியிருந்த பனியன் வேஸ்டை வலது கையால் உருவினாள். உப்புத்தாளும் இல்லை, களிம்பும் இல்லை, ஒடிந்த விரல்களின் ரத்தத்தைத்தான் தொட்டுத் தேய்த்தாள்.

"தொடாதட்டி! பின்பட்டையைத் தொடாதட்டி!" என்று தெய்வநாயகம் அலறினார். அந்த அலறலில் இருந்தது கோபம் இல்லை, பயம். கூட்டம் அதைக் கவனித்தது. லீவரோடு பாய்ந்தவரை முதல் தடவையாக யாரோ பிடித்து நிறுத்தினார்கள்.

கறுப்பு இறங்கியது. பின்பட்டை நிலைக்கண்ணாடியாக மின்னியது. அந்தக் கணத்தில் சவுக்காரப்பட்டிக்காரர்களின் அதுவரை வெள்ளையாக இருந்த கைகளெல்லாம் கறுத்தன: படுத்த படுக்கையாகக் கிடந்தவர்களின் கை, பூதத்தானுக்காக மனசுக்குள் அழுதவர்களின் கை, கட்டிக்கொடுத்து வேறு ஊருக்குப் போய்விட்ட பெண்களின் கை. பூதத்தான் காணாமல் போன பிறகு பிறந்த பிள்ளைகளின் கை மட்டும் கறுக்கவில்லை, பின்னால் வந்த அருள்தாசனின் கையும் ஷூ பாலிஷுக்குக் கீழே கறுக்கவில்லை.

உலகம்மாள் தன் கையைப் பார்த்தாள். ஒடிந்த கையும் கறுத்திருந்தது, ஒடியாத கையும் கறுத்திருந்தது.

அடிக்காதவள் அவள், கதவைச் சாத்தாதவள், பொய் சொல்லாதவள். நான் என்ன பண்ணினேன் என்று கையையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, தாய்வீட்டிலிருந்து திரும்பிய அந்த வாரம் நினைவுக்கு வந்தது. சண்டை சச்சரவு தீர்ந்த சந்தோஷத்துக்கு என்று ஆலையிலிருந்து வீட்டுக்கு ஒரு கட்டி சவுக்காரம் இனாமாகக் கொடுத்தார்கள். அவள் வீட்டுக்கும் ஒன்று வந்தது. என்றைக்கும் இல்லாமல் நுரை நுரையாகப் பொங்கிய அந்தச் சவுக்காரத்தைப் போட்டு, புருஷன் திரும்பி வந்தால் உடுத்துவான் என்று, அவனுடைய நீலச் சட்டையை அவள் கசக்கித் துவைத்து மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

அவள் எழுந்து நின்றாள். கறுத்த இரண்டு கைகளையும், யார் வீட்டு வாசலிலோ நிற்பது போல, கூட்டத்தின் முன்னால் விரித்துக் காட்டினாள்.

அவள் கையும் கறுத்திருப்பதைப் பார்த்து, அந்த இனாம் சவுக்காரம் நினைவுக்கு வந்து, முதலில் புரிந்தது ஒரு கிழவனுக்கு. ஓரமாகப் போய் வாந்தி எடுத்தான். பிறகு ஒவ்வொருவராகப் புரிந்து, பெண்கள் தலையிலடித்துக்கொண்டு மண்ணில் விழுந்தார்கள். அடித்ததைத் தாங்கிய ஊர், சாத்தியதைத் தாங்கிய ஊர், பொய்யையும் தாங்கிய ஊர், அவனையே சவுக்காரமாகப் போட்டுத் துவைத்துக் குளித்ததைத் தாங்க முடியாமல் ஊளையிட்டது. அந்த ஊளை அப்படியே திரும்பித் தெய்வநாயகத்தின் மேல் பாய்ந்தது. வேட்டி கிழிய, பல் உடைய, முடியைப் பிடித்து டிராக்டரில் ஏற்றினார்கள். "தொட்டியில போடுங்கல அவனை! கொதிக்கக் கொதிக்கப் போடுங்க!" என்று முன்னால் நின்று கத்தியவன் சுடலையாண்டி.

உலகம்மாள் டிராக்டருக்கு முன்னால் போய்க் கையை விரித்து மறித்துக்கொண்டு நின்றாள்.

"போடுங்க" என்றாள். "போட்டுக் காய்ச்சுங்க. அதுலயும் எனக்கு ஒரு கட்டி தருவியளா?"

டிராக்டர் உறுமிக்கொண்டே இருந்தது. பிறகு யாரோ சாவியைத் திருப்பி அதையும் நிறுத்தினார்கள்.

அவள் தெய்வநாயகத்தை இறக்கச் சொன்னாள். பின்பட்டைக்கு முன்னால் உட்கார வைக்கச் சொன்னாள்.

"மொகம் தெரியுதா மொதலாளி?"

தெரிந்தது. ரத்தமும் சளியுமாக அவருடைய முகம் பட்டையின் நீளத்துக்கு இழுபட்டுத் தெரிந்தது.

"அப்பச் சொல்லுங்க. சொல்லுதேன்னு சொன்னீயள்லா?"

உடைந்த பல்லோடு அவர் சொன்னார். மேலத்தெருவில் காரில் மோதி விழுந்தபோது பூதத்தானுக்கு உயிர் இருந்தது என்று சொன்னார். காரின் பின்னால் போட்டுத் தொட்டிக்குக் கொண்டுபோனபோதும் இருந்தது என்று சொன்னார். கூட்டம் முழுக்கக் கேட்கும்படி அவள் அதை மறுபடியும் சொல்லச் சொன்னாள், அவர் மறுபடியும் சொன்னார்.

அன்று சாயங்காலம் நீலச் சட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்தாள். தாலியைக் கழற்றி அதன் பைக்குள் போட்டாள். சுடுகாட்டில் குழியைத் தெய்வநாயகமே வெட்டினார், மாசானம் சட்டையை இரண்டு கையிலும் பிள்ளையை ஏந்துவது போல ஏந்திக்கொண்டு முன்னால் நடந்தான், ஊர் முழுவதும் பின்னால் போனது. உலகம்மாள் ஒடியாத கையால் ஒரு பிடி மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள். அவள் அழுது முடிக்கும் வரை யாரும் நகரவில்லை.

அடக்கம் முடித்து வருகிறவர்கள் ஊர் எல்லையில் இருக்கும் குழாயில் கைகால் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும் என்பது அங்கே வழக்கம். வெள்ளைக் கையுள்ள பிள்ளைகள் வாளியில் தண்ணீரும் ஒரு கட்டி சவுக்காரமும் எடுத்துவைத்துக் காத்திருந்தார்கள். சவுக்காரப்பட்டிக்காரர்கள் அதைத் தாண்டி, கை கழுவாமல், அவரவர் வீட்டுக்குப் போனார்கள்.